மூழ்கியவருக்கு முதலில் மூச்சு

வணக்கம் நேயர்களே. இன்று கல்லடிக் கடற்கரையிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அம்பாப் பாட்டும் காற்றிரைச்சலும் ஒலிவாங்கியில் கலந்து கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மணலில் மல்லாந்து கிடப்பது சி.பி.ஆர், அதாவது மூச்சுக் கொடுத்து நெஞ்சை அழுத்தும் முதலுதவிப் பயிற்சிக்கான பொம்மை. காலையில் அதைத் தோளில் சுமந்து வந்தபோது வலைக்காரர் ஒருவர் பதறியடித்து ஓடி வந்துவிட்டார்.

பொம்மை என்று தெரிந்து சிரித்து முடித்த பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் காணொளிக்குக் காரணம். மாரடைப்பு வந்து விழுந்தவருக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீரில் மூழ்கியவருக்கும் அதுவேதானா என்று கேட்டார். இல்லை. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நாம்தான். முகத்துவாரத்தில் தோணி ஓட்டுபவர், பாசிக்குடாவில் பணிபுரியும் உயிர்காப்பாளர், அறுகம்பையில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கும் இளைஞர், கரையோரத் தரிப்பிடத்தில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதி ஆகிய இவர்களே அம்புலன்சுக்கு முன்பாக அந்த உடலருகே நிற்பவர்கள் என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

திடீரென இதயத்துடிப்பு நின்று கீழே விழுபவரின் இரத்தத்தில், விழுந்த அந்தக் கணத்தில், ஒட்சிசன் போதிய அளவு இருக்கிறது. முதலில் பழுதாவது இதயம். ஆகவே முதற் சில நிமிடங்களுக்கு நெஞ்சை அழுத்தி அந்த இரத்தத்தை மூளைக்கு அனுப்பினாலே பெரும் உதவியாகும். நீரில் மூழ்குபவருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. அவருக்கு முதலில் தடைப்படுவது காற்று. இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்க, ஒட்சிசன் மட்டும் குறைந்துகொண்டே போய், நினைவு தப்பி, மூச்சு நின்று, அதன் பிறகே துடிப்பு மெதுவாகி நிற்கிறது. அவரைக் கரைக்குக் கொண்டு வரும்போது இரத்தத்தில் ஒட்சிசன் ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும். அந்த வெற்று இரத்தத்தை எவ்வளவு திறமையாக அழுத்தி ஓட்டினாலும் மூளைக்குப் போய்ச் சேருவது எதுவுமில்லை. ஆகவே முதலில் மூச்சு, பிறகு அழுத்தம்.

எத்தனை மூச்சு என்பதில் வழிகாட்டுதல்கள் சற்று வேறுபடுகின்றன. ஐரோப்பிய மீளுயிர்ப்பு மன்றம் தொடக்கத்தில் 5 மூச்சு என்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2 என்கிறது. உங்களுக்குப் பயிற்சி தந்தவர் எதைக் கற்பித்தாரோ அதைச் செய்யுங்கள், கரையில் நின்றுகொண்டு ஐந்தா இரண்டா என்று வாதாடாதீர்கள். நான் ஐந்து கொடுக்கும் பழக்கமுள்ளவன். நுரையீரல் சுருங்கி நீர் கலந்திருக்கும்போது முதல் ஓரிரு மூச்சு சரியாக உள்ளே போகாமல் போகலாம் என்பதுதான் அதற்கு நான் கண்ட நியாயம்.

இனி, நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், முதலுதவித் தொண்டனாகச் சான்றிதழ் பெற்ற புதிதில், ஒரு குளக்கரையில் குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனை மூழ்கிய நிலையில் தூக்கி வந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பெரியவர் ஒருவர் அவனைத் தலைகீழாகத் தோளில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து நீர் வடிவதைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் நிம்மதியடைந்தார்கள். நான் கெஞ்சிக் கேட்டுத் தரையில் கிடத்தச் செய்து, மூச்சுக் கொடுத்து, அழுத்தத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவன் தாடை அசைந்தது. மீன் வாய் பிளப்பதுபோல ஒரு முறை காற்றை இழுத்தான். மூச்சு வந்துவிட்டது என்று யாரோ கூவினார்கள். நானும் நம்பிக் கையை எடுத்துவிட்டேன். அடுத்த இழுப்பு வருவதற்குப் பத்து விநாடிக்கு மேலாயிற்று. வந்ததும் மூச்சாக இல்லை. அவ்வழியே வந்த ஒரு தாதி, அழுத்துங்கள், நிறுத்தாதீர்கள் என்று சத்தமிட்ட பிறகே எனக்குப் புத்தி வந்தது. சிறுவன் பிழைத்தான், அதற்காக அந்தத் தாதிக்கு நன்றி சொல்ல வேண்டுமே தவிர எனக்கல்ல.

அந்த இழுப்புக்கு மருத்துவத்தில் அகோனல் சுவாசம் என்று பெயர். மூளையின் அடித்தண்டு கடைசியாக அனுப்பும் தன்னிச்சையான இழுப்பு அது. நுரையீரலுக்குப் பயன்படும் அளவுக்குக் காற்று அதில் போவதில்லை. குறட்டைபோலவோ விக்கல்போலவோ முனகல்போலவோ இருக்கும், விட்டு விட்டு வரும். ஆகவே மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும்போது, சீராக இருக்கிறதா என்றே பாருங்கள்; பத்து விநாடிக்கு மேல் பார்க்காதீர்கள். பயிற்சி பெற்றவர் கழுத்து நாடியையும் அந்தப் பத்து விநாடிக்குள்ளேயே தொட்டுப் பார்க்கலாம், ஆனால் ஈரமாகக் குளிர்ந்துபோன உடலில், அதுவும் நமது விரல்களே நடுங்கிக்கொண்டிருக்கையில், நாடி அகப்படுவது கடினம். சந்தேகமிருந்தால் இல்லையென்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி நிச்சயமாகத் துடிக்கிறது, மூச்சு மட்டும் இல்லை என்றால், பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு, குழந்தைக்கு 2 அல்லது 3 விநாடிக்கு ஒரு மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்து, 2 நிமிடத்துக்கு ஒரு முறை நாடியை மீண்டும் பார்க்க வேண்டும். மூழ்கியவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. உரிய நேரத்தில் மூச்சுக் கிடைத்தால் இதயம் நிற்பதையே தடுத்துவிடலாம்.

தலைகீழாகத் தொங்கவிடுவதையும் வயிற்றை அமுக்குவதையும் நமது ஊரின் அறியாமை என்று ஏளனமாகச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லை. 1638இல் நமது மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்களே ஒல்லாந்தர், அவர்களுடைய ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 1767இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. கால்வாய்கள் நிறைந்த ஊர் அல்லவா. அந்தச் சங்கம் சொன்ன முறைகளில் வாயில் ஊதி மூச்சுக் கொடுப்பதும் இருந்தது. அதோடு தலையைத் தாழ்த்திப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது, குதவழியாகப் புகையிலைப் புகை செலுத்துவது ஆகியவையும் இருந்தன. கற்றறிந்தவர்களே அப்படி நம்பிய காலம். புகையிலை ஒழிந்தது, வயிற்றை அமுக்குவது மட்டும் இன்னும் எங்கும் மிச்சமிருக்கிறது.

அமுக்கினால் வருவது என்ன? பெரும்பாலும் வயிற்றில் விழுங்கிய நீர். நுரையீரலில் புகுந்த நீர் அல்ல. நுரையீரலுக்குள் போவது பலர் நினைப்பதைவிடக் குறைவு, அதை நாம் வெளியேற்றவும் வேண்டியதில்லை. அமுக்கும்போது வயிற்றிலுள்ள சோறும் கறியும் மேலெழும்பித் தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள் இறங்கும் ஆபத்துத்தான் உண்டு. அமுக்காவிட்டாலும் வாந்தி வரும், அதற்கு ஆயத்தமாக இருங்கள்: ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் மீட்கப்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில், மூச்சு மட்டும் கொடுக்கப்பட்டவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் வாந்தியெடுத்தார்கள். வந்தால் உடலை முழுதாக ஒருபக்கம் சரித்து, விரலால் அல்லது துணியால் துடைத்து, மறுபடி மல்லாத்தித் தொடருங்கள். வாயில் வெண்ணுரை பொங்கினால் மட்டும் அதைத் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும், அதன் மேலேயே ஊதுங்கள். கடல் நீரா, வாவி நீரா, குளத்து நன்னீரா என்பதால் நாம் செய்வதில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது பொம்மைக்கு வருவோம். பொம்மை என்றுதான் சொல்கிறோம்; இதற்கும் ஒரு நீர்க்கரைக் கதை உண்டு. முதன்முதலாக இந்த வகைப் பயிற்சிப் பொம்மையை 1960இல் செய்தவர் நோர்வேயில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டல். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த முகம், பாரிஸ் நகரத்துச் செய்ன் நதியிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் தெரியாத இளம்பெண்ணுடையது என்று சொல்லப்படும் ஒரு முகவார்ப்பு. அதே 1960இல்தான் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓடவைக்கலாம் என்று கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும் எழுதினார்கள். யாரோ ஒருத்தியை யாராலும் காப்பாற்ற முடியாமற்போன கரையொன்றிலிருந்து அந்த முகம் வந்திருக்கிறது என்ற நினைப்பு, பொம்மையின் மூக்கைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.

கடினமான தரையில் மல்லாத்திக் கிடத்த வேண்டும். அலை தொடும் ஈர மணல் நல்லது. உலர்ந்த மணல் முதுகுக்குக் கீழே அமிழ்ந்துபோவதால் அழுத்தத்தின் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். கடலோரத்தில் உடலைக் கரைக்கு இணையாக, தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கிடத்துங்கள். ஒரு கையை நெற்றியில் வைத்து, மற்றக் கையின் இரண்டு விரலால் தாடை எலும்பை உயர்த்தினால் தொண்டையை அடைத்த நாக்கு முன்னே வந்து மூச்சுவழி திறக்கும். மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் காற்றொழுகாமல் பொருத்தி, ஒரு விநாடி ஊதுங்கள். பலமாக ஊதத் தேவையில்லை. நெஞ்சு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் ஊதினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியை அழைத்து வரும். அமுக்கினால் காற்றுச் செலுத்தும் பையுடன் கூடிய முகமூடி கையிலிருந்து, அதைப் பிடிக்கப் பழகிய இருவர் இருந்தால் அது மேலானது: ஒருவர் இரு கையாலும் முகமூடியை முகத்தில் பொருத்த, மற்றவர் பையை அமுக்கட்டும்.

அழுத்தம், பெரியவருக்கு, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில். உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் பின்னி, முழங்கை மடங்காமல், தோள் நேர்மேலே வர, உடல் பாரத்தால் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். களைத்துப்போனவர்கள் இதைத்தான் முதலில் மறந்து நெஞ்சின்மேல் சாய்ந்துவிடுவார்கள், சாய்ந்தால் இதயத்துக்குள் இரத்தம் நிரம்பாது. 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர்ந்து, 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும், களைப்புத் தெரியாவிட்டாலும் கூட. குழந்தைகளுக்கு நெஞ்சின் மூன்றிலொரு பங்கு ஆழம். பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் 15க்கு 2.

தனியாக இருந்தால்? கத்திக் கூப்பிடுங்கள், கைத்தொலைபேசியில் 1990ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொடருங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமில்லாத சேவை. தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி அருகில் இருந்தால் யாரையாவது அனுப்பி எடுப்பியுங்கள், நெஞ்சைத் துடைத்து உலர்த்திய பிறகே அதன் ஒட்டுத் தகடுகளை ஒட்டுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். மூழ்கியவருடைய இதயம் பெரும்பாலும் மின்னதிர்ச்சியால் சரியாகும் வகையில் நின்றிருப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஒட்சிசன்.

முதுகெலும்பைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நீச்சல் தெரியாமல் மூழ்கியவருக்குக் கழுத்து முறிவு அரிது. அதற்காக மூச்சைத் தாமதிக்கக் கூடாது. ஆழமில்லாத நீரில் தலைகுப்புறப் பாய்ந்தவர், பாறையில் அலை தூக்கி அடித்தவர் என்றால் தலையை அதிகம் ஆட்டாமல் தாடையை மட்டும் முன்தள்ளி மூச்சுவழியைத் திறக்கலாம்.

இவையெல்லாம் கரைக்கு வந்த பிறகு. தண்ணீருக்குள் நீங்கள் பாய்வதற்கு முன் கழி நீட்டுங்கள், கயிறு எறியுங்கள், மூடியை இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கேனை எறியுங்கள், தோணி விடுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் பாய்ந்த இன்னொருவரும் சேர்ந்து மூழ்கிய செய்தியை எத்தனை முறை வாசித்துவிட்டோம்.

கண் விழித்து இருமத் தொடங்கியவர் நான் நன்றாக இருக்கிறேன், வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார், குடும்பத்தாரும் அதையே விரும்புவார்கள். விடாதீர்கள். சில மணித்தியாலங்கள் கழித்தும் நுரையீரல் வீங்கி மூச்சு முட்டலாம் என்பதால், மூச்சுக் கொடுக்கப்பட்ட ஒவ்வொருவரும், இருமல் நிற்காத ஒவ்வொருவரும், வைத்தியசாலையில் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும். மூச்சு சீராக இருந்து நினைவு மட்டும் தெளியாதவரைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, அம்புலன்ஸ் வரும்வரை கண்ணை எடுக்காமல் அவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

வலைக்காரர் திரும்பி வந்துவிட்டார், தானும் செய்து பார்க்க வேண்டுமாம். ஐயா, இப்படி முழங்காலிட்டு உட்காருங்கள், தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்துங்கள். கமராவை அருகே கொண்டு வருகிறேன். நேயர்களே, அவர் ஊதும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், பொம்மையின் நெஞ்சு எழுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று. எழவில்லை, மூக்கை விட்டுவிட்டீர்கள் ஐயா, இறுக்கிப் பிடித்து இன்னொரு முறை ஊதுங்கள்.