ஒத்திகையில் பிறக்கும் படங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

இசைக்கலைஞர்களைப் படம் எடுப்பது, அவர்கள் இசையைக் கேட்டு ஓவியம் வரைவது, அவர்களுக்குச் சுவரொட்டியும் இசைத்தட்டு உறையும் செய்து கொடுப்பது. இதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஸ்டுடியோக்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். உங்களில் பாதிப்பேர் கழுத்தில் கேமரா தொங்குவதால் நேராக வேலைக்கே வந்துவிடுகிறேன்.

பெரிய ராக் கச்சேரிகளில் புகைப்படக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று பாட்டு வரைதான் மேடைக்கு முன்னால் நின்று எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது, அப்புறம் வெளியே போய்விட வேண்டும். அந்த நேரத்தில் பாடகருக்கு இன்னும் சூடே ஏறியிருக்காது. வாயை மைக் மறைக்கும், முகமெல்லாம் ஊதா விளக்கு வழியும். வரிசையாக நிற்கும் அத்தனை பேருக்கும் ஏறக்குறைய ஒரே படம்தான் கிடைக்கும். நல்ல படம் வேண்டும் என்றால் அவர் வேலை செய்கிற இடத்துக்கு, ஒத்திகைக்கும் ஒலிப்பதிவுக்கும், போய் உட்கார வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

நியூயார்க்கில் 1939இல் தொடங்கிய ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடத்திய ஆல்ஃப்ரெட் லயனும் அவருடைய நண்பர் பிரான்சிஸ் உல்ஃபும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பதற்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஜாஸ் உலகில் அது அபூர்வம். உல்ஃப் அந்த ஒத்திகைகளிலும் பதிவுகளிலும் கேமராவோடு கூடவே இருந்தார். அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒருவர் கண்ணை மூடி அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார், இன்னொருவர் சிகரெட்டோடு யோசனையில் இருப்பார். கேமராவுக்காக யாரும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பணம் கொடுத்து வாங்கிய அவகாசம் அந்தப் படங்களில் தெரிகிறது.

அந்தப் படங்களை உறைகளாக்கியவர் ரீட் மைல்ஸ் என்ற வடிவமைப்பாளர். முகத்தை நெற்றியோடு வெட்டிவிடுவார், படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிடுவார், மிச்ச இடமெல்லாம் எழுத்துக்கு. டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் ‘ஹப் டோன்ஸ்’ உறையைத் தேடிப் பாருங்கள். பியானோ கட்டைகள் போல நெடுநெடுவென்று பட்டைகள் நிற்கும். அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், யாரோ விரலால் அழுத்தின மாதிரி. அந்தப் பட்டைக்குள்தான் ஹப்பர்ட் இருப்பார். அந்த ஒரு பட்டை இறங்கியதிலேயே எனக்கு ஒரு சுரம் கேட்கிறது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மைல்ஸுக்கு ஜாஸ் மேல் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பிரியர். தட்டு எப்படிப்பட்டது, அதன் மனநிலை என்ன என்று லயன் வாயால் சொல்லக் கேட்டு வரைந்தவர். அப்படியானால் இசையைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமா? ஸ்டுடியோவில் யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டும், கேட்டதை மற்றவருக்குச் சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவரே எல்லாம் செய்யத் தேவையில்லை. ஸ்டுடியோ என்று நாலு பேர் சேர்ந்து உட்காருவது அதற்குத்தானே.

லண்டனில் 1968இல் ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் தொடங்கிய ஹிப்னாசிஸ் ஸ்டுடியோ வேறு வழியில் போனது. இசைக்குழுவின் முகமே இல்லாத உறைகள்தான் அவர்களின் பெயர் சொல்பவை. பிங்க் ஃபிளாய்ட் குழுவுக்கு 1975இல் செய்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச ஆசை. அந்தத் தட்டு முழுக்க ‘இல்லாமை’ பற்றியது. குழுவை விட்டுப் போன நண்பர் சிட் பாரெட்டின் நினைவு ஒரு பக்கம், ஆளைப் பார்க்காமல் ஒப்பந்தத்தை மட்டும் பார்க்கும் இசை வியாபாரத்தின் மேல் கசப்பு இன்னொரு பக்கம். ஸ்டுடியோ பிடித்துக்கொண்டது இதைத்தான்: கோட்டு சூட்டு போட்ட இரண்டு பேர் கை குலுக்குகிறார்கள், அதில் ஒருவர் எரிந்துகொண்டிருக்கிறார்.

அந்தத் தீ உண்மையான தீ. கலிஃபோர்னியாவில் ஒரு சினிமா ஸ்டுடியோ வளாகத்தில், ரானி ராண்டெல் என்ற சண்டைக் கலைஞர் தீப்பிடிக்காத உடைக்கு மேல் சூட்டை மாட்டி, தலையில் விக் வைத்து நின்றார். தீ வைத்தார்கள். காற்று எதிர்த்திசையில் அடித்து ஜுவாலை முகத்துக்கே திரும்பியது, மீசை கருகியது. அப்புறம் இரண்டு பேரும் இடம் மாறி நின்றார்கள், எடுத்த படத்தை அச்சில் இடம் வலமாகத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் உறையால் மூடித்தான் விற்றார்கள்! ‘இல்லாமை’ பற்றிய தட்டு, கடைக்கு வரும்போது அதன் படமும் இல்லை. பாட்டின் கருத்தை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்து போன வேறு உறை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இன்று அந்தத் தீயைக் கணினியில் நிமிடங்களில் வரவழைக்கலாம். வரவழையுங்கள், தடையில்லை. ஆனால் பக்கத்தில் நெருப்பு எரியும்போது ஒருவர் உடம்பு சாயும் விதம் ஒன்று இருக்கிறது. ராண்டெல் லேசாக முன்னால் சாய்ந்து நிற்பதைப் பாருங்கள். அது யாரும் வரைந்து வைத்த சாய்வு அல்ல.

மேடையிலேயே எடுத்த மகத்தான படமும் உண்டு, மறுக்கவில்லை. 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில், ‘தி க்ளாஷ்’ குழுவின் பால் சிமனன் தன் பாஸ் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிக்கும் படம். எடுத்த பென்னி ஸ்மித்துக்கே அது பிடிக்கவில்லை, ஃபோகஸ் இல்லை என்றார். குழுவினர்தான் பிடிவாதமாக அதை உறையில் போட்டார்கள். ஆனால் ஸ்மித் மூன்று பாட்டுக்கு வந்து போனவர் அல்ல, அந்தக் கச்சேரிப் பயணத்தில் குழுவோடு கூடவே இருந்தவர்.

ஓவியர்களுக்கு இந்த அனுமதித் தொல்லையெல்லாம் கிடையாது. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பர்க்கின் இசையைக் கேட்டு வந்த கான்டின்ஸ்கி, சில நாட்களிலேயே அந்தக் கச்சேரியை வரைந்தார். பெரிய பியானோ கறுப்புத் திட்டாக நிற்க, மஞ்சள் நிறம் அரங்கையே மூழ்கடிக்கும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதல் நாள் ஒத்திகையில் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு இசையைக் கேளுங்கள். கலைஞர் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எந்த இடத்தில் தப்பிவிடுமோ என்று புருவம் சுருங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் நாள் ஷட்டர் சத்தத்தை அணைத்துவிட்டு எடுங்கள். சிறியவற்றைப் பாருங்கள்: பல வருடம் வயலினை அழுத்திப் பிடித்து இடது தாடைக்குக் கீழே கறுத்துப்போன தழும்பு, டிரம்ஸ் வாசிப்பவர் விரலில் சுற்றிய பிளாஸ்திரி, இசைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் தனக்குத்தானே எழுதிக்கொண்ட எச்சரிக்கை. ரசிகர்கள் இதை ஒருநாளும் பார்ப்பதில்லை.

கடைசியாகப் பணம். ஒத்திகை நேரத்தைக் கேட்கிறீர்கள் என்றால் அது கலைஞருடைய வேலை நேரம், அதற்கு ஒரு தொகை பேசுங்கள். அதேபோல உங்கள் படத்தை ‘விளம்பரம் கிடைக்குமே’ என்று யாராவது இலவசமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். உறைக்கு ஒரு உரிமை, சுவரொட்டிக்கு வேறு, சட்டையில் அச்சடித்து விற்பதற்கு வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படத்தில் இருப்பவர் பெயரும் எடுத்தவர் பெயரும் உறையின் பின்பக்கத்தில் வர வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். மாதிரி ஒப்பந்தம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், வேண்டியவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.