ஹோம்ஸைப் பிடித்த கடிதக் கட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தொடர் கொலைகாரன் எச். எச். ஹோம்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிகாகோவின் ‘கொலைக் கோட்டை’. ரகசிய அறைகள், 1893 உலகக் கண்காட்சிக்கு வந்து அங்கே தங்கி மாயமான 200 பேர்... இதில் முக்கால்வாசி பத்திரிகைகள் கட்டிய கோட்டை. 63-ஆம் தெருவில் இருந்தது, கீழே கடைகளும் மேலே அறைகளுமாக ஒரு கட்டடம். 1892-ல் ஹோட்டலுக்கென்று மூன்றாம் தளம் எழுப்பினான். அது ஒழுங்காக நடக்கவே இல்லை. சாமான்களைக் கடனில் வாங்குவான், பணம் தரமாட்டான். அவனோடு பழகிய ஜூலியா கானர், அவருடைய மகள் பெர்ல், எமலின் சிக்ராண்ட், வில்லியம்ஸ் சகோதரிகள் ஆகியோர் காணாமல் போனது மட்டும் உண்மை.

ஆனால் அவனைத் தூக்குமேடைக்கு அனுப்பியது சிகாகோ இல்லை. பிலடெல்பியா. ஒரு காப்பீட்டுப் பாலிசி.

கூட்டாளி பெஞ்சமின் பிட்செல் 10,000 டாலருக்குக் காப்பீடு எடுத்தான். வேறு பிணத்தைக் காட்டி, அவன் செத்ததாகச் சொல்லிப் பணம் வாங்குவது திட்டம். 1894 செப்டம்பரில் ஹோம்ஸ் பிட்செலையே கொன்றுவிட்டு, விபத்து போலத் தெரிய முகத்தை எரித்தான். முன்பு செயின்ட் லூயிஸ் சிறையில் ஒரு ரயில் கொள்ளையனிடம், தோதான வக்கீலைக் காட்டிவிட்டால் 500 டாலர் தருவதாகச் சொல்லியிருந்தான். அதையும் தரவில்லை. கொள்ளையன் காட்டிக்கொடுத்தான், ஹோம்ஸ் பிடிபட்டான்.

இப்போது குழந்தைகள். பிட்செலின் பிள்ளைகள் ஆலிஸ், நெல்லி, ஹோவர்ட் மூவரையும் ஹோம்ஸ் ஊர் ஊராகக் கூட்டிப்போனான். தாயையும் தனியாக வேறு ஹோட்டல்களில் தங்கவைத்தான், டிட்ராய்ட்டில் சில தெருக்கள் தள்ளி. பிள்ளைகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வாங்கிக்கொண்டான், தபாலில் போடவில்லை. கிழிக்கவும் இல்லை! தகரப் பெட்டியில் வைத்திருந்தான். 1895 ஜூனில் துப்பறிவாளர் ஃபிராங்க் கெயர் பிள்ளைகளைத் தேடிக் கிளம்பியது இந்தக் கட்டோடும் சில புகைப்படங்களோடும்தான்.

அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். முதலில் ஹோட்டல் பதிவேடுகள். சின்சினாட்டியில் ‘அலெக்ஸ் இ. குக்’, மூன்று குழந்தைகள் என்று ஒரு வரி; அது ஹோம்ஸின் பொய்ப்பெயர். அடுத்து வீட்டுத் தரகர்கள்: சில நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தது யார்? அங்கே ஒரு வீட்டுக்கு ஒற்றை இரும்பு அடுப்பு மட்டும் வண்டியில் வந்து இறங்கியிருக்கிறது, அதுவும் ராட்சத அடுப்பு. பக்கத்து வீட்டம்மா கவனிப்பது தெரிந்ததும், மறுநாள், “நான் இங்கே குடிவரவில்லை, அடுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று கிளம்பிவிட்டான். அன்று அந்தம்மா எட்டிப் பார்த்ததால் அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றே தோன்றுகிறது. அக்கம்பக்கத்தாரின் கண்ணை லேசாக நினைக்காதீர்கள்.

டிட்ராய்ட்டிலிருந்து ஆலிஸ் எழுதியதில், தம்பி இப்போது எங்களோடு இல்லை என்று இருந்தது. ஆக, பையன் ஹோவர்ட் செத்தது அதற்கு முன்பே, அவர்கள் முன்னால் தங்கிய இண்டியானாபோலிஸ் பக்கத்தில்! பார்த்தீர்களா, எந்த ஊரில் தேட வேண்டும் என்பதைக் கடிதமே சொல்லிவிட்டது.

டொராண்டோவில் செயின்ட் வின்சென்ட் தெரு, 16-ஆம் எண் வீடு. நிலவறையில் உருளைக்கிழங்கு சேமிக்கப் பள்ளம் வேண்டுமென்று ஹோம்ஸ் பக்கத்து வீட்டுக்காரரிடம் மண்வெட்டி கேட்டிருக்கிறான். கெயரும் அதே மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார். தரையைக் குத்திக்கொண்டே போனார், ஓரிடத்தில் மண் இளகலாக இறங்கியது. தோண்டத் தோண்ட நாற்றம். மூன்றடியில் இரண்டு சிறுமிகள். ஜூலை 15. இண்டியானாபோலிஸ் அருகே இர்விங்டனில், புகைபோக்கிக்குள் ஹோவர்டின் பற்களும் எலும்புத் துண்டுகளும் ஆகஸ்ட் கடைசியில்தான் கிடைத்தன.

மணி ஆகிவிட்டது என்கிறார்கள். அவன் விற்ற வாக்குமூலம் பற்றிச் சொல்ல நினைத்தேன். 27 கொலை என்றான், அதில் சிலர் உயிரோடு இருந்தார்கள், அவ்வளவு போதும். 1896 மே 7 அன்று தூக்கு. தப்பிவிட்டான் என்ற வதந்தியைத் தீர்க்க 2017-ல் கல்லறையைத் தோண்டிப் பல்லை வைத்து அவனேதான் என்று உறுதிசெய்தார்கள். தண்டனை பிட்செல் கொலை ஒன்றுக்குத்தான். மூன்று பிள்ளைகளுக்காக வழக்கு நடக்கவே இல்லை. வணக்கம்.