கணவனுக்கும் சீட்டு எழுதுங்க

மேடையில் இருக்கிற ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைக் கொடுத்த பெரியவர் அவர்களே, லீவு போட்டு வந்திருக்கிற கிராமச் செவிலியர்களே, காலையிலிருந்து மைக்செட்டோடு மல்லுக்கட்டும் தம்பிகளே, காங்கயம் சுற்றுவட்டாரத்துச் சொந்தபந்தங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

பிள்ளை இல்லாத தம்பதிகளைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: பரிசோதனை, தத்து, பிள்ளையில்லாமலே நிறைவாக வாழ்வது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கல்யாணமாகி நாலு மாசத்தில் "விசேஷமுங்களா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள், அதையும் பெண்ணிடம் மட்டுமே கேட்கிறார்கள். ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாசத்திலேயே போங்கள். ஆனால் ரெண்டு பேரும் போங்கள். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணிடமும் காரணம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தறிப்பட்டறைக் குடும்பம். மருமகளுக்கு ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை, வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி, நடுவில் பழனி, சென்னிமலை, கொடுமுடி என்று எல்லாம் முடிந்தது. மகனுக்கு மட்டும் ஒன்றும் பார்க்கவில்லை. "எங்க ஊட்டுப் பையனுக்கு என்ன குறை?" என்பார் மாமியார். சொந்தத்தில் ஒரு வளைகாப்பு, வளையல் போடப் போன அந்தப் பெண்ணைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய அம்மத்தா, அதாவது அம்மாவைப் பெற்றவர், வயசானவர், அங்கேயே சபையில் கேட்டுவிட்டார்: "ஏனுங்க அம்மிணி, பட்டியில மாடு சினை புடிக்கலீன்னா காளையயுந்தான பாக்கறோம்? உங்க பையன ஒருக்கா கூட்டிட்டுப் போனா என்னங்க?" மண்டபமே அமைதியாகிவிட்டது. அடுத்த வாரம் பையன் போனான். விந்துப் பரிசோதனை, ஊசிகூடக் கிடையாது, மூணு நாலு நாள் சேர்க்கை இல்லாமல் இருந்து கொடுத்தால் போதும். அணுவே இல்லை. சில வாரம் கழித்துத் திரும்பவும் பார்த்தார்கள், அதேதான். ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன் எழுந்து வந்து சொன்னான்: "அம்மா, இனிமே இவள ஒரு சொல் சொல்லாதீங்க. குறை என்கிட்ட." அப்படிச் சொல்கிற மகன் வீட்டுக்கு ஒருவன் வேண்டும்!

அவர்கள் இப்போது தத்துக்குப் பதிந்திருக்கிறார்கள். பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க காரா என்கிற மத்திய ஆணையத்தின் இணையதளம் மட்டும்தான் வழி. 2022-இலிருந்து மாவட்ட ஆட்சியரே உத்தரவு தருகிறார். "தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள், 2019-இல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பிள்ளை வேண்டாம், நாங்கள் ரெண்டு பேரே போதும் என்கிறவர்களையும் அவர்கள் போக்கில் வாழ விடுங்கள், சீருக்கும் வளைகாப்புக்கும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், நம் வீட்டு வாயையாவது நாம் மூடலாமே.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அரசு மருத்துவமனைக்குக் குழந்தையின்மை என்று ஒரு பெண் வந்தால், அன்றைக்கே கணவனுக்கும் சீட்டு எழுத வேண்டும், அவன் ரிப்போர்ட் வராமல் அவளைக் கத்தி வைக்கும் பரிசோதனைக்கு அனுப்பக் கூடாது. மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஆம்பளைங்க முதலில் கையெழுத்துப் போடுங்க.