யெஸ்டர்டே யூ செட் டுமாரோ!

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணிப் பேச்சாளர்களே, பாபநாசத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவைப்பது இலக்கணப் பயிற்சியா, நாடகமா? நாடகமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு பழமொழியை வீசிவிட்டு உட்கார்ந்தார். "கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான். வகுப்பில் கூத்து நடத்தினால் பிள்ளை எப்போது விடியும் என்றுதான் பார்ப்பான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி. அண்ணே, கூத்தாடி ஏன் கிழக்கே பார்க்கிறான்? ராத்திரி பூரா வசனம் பேசிக் களைத்தவன் பார்க்கிறான். நீங்கள் வினைச்சொல் அட்டவணையை 50 தடவை எழுதச் சொல்லுங்கள், மத்தியானம் 2 மணிக்கே பிள்ளை மேற்கே பார்க்க ஆரம்பித்துவிடுவான்! 15 வருஷமாக அந்தப் பார்வைக்கு எதிரே நிற்கிற டீச்சர் நான்.

கூத்தை மட்டமாகப் பேசுகிற மண்ணா இது? இதோ இருக்கிறது மெலட்டூர். வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா. வெங்கடராம சாஸ்திரி எழுதிய நாடகங்கள், அத்தனையும் தெலுங்கு. பார்க்க வருகிற நம்மில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் பிரகலாதன் தூணைக் காட்டுகிற இடத்தில் புரியாதவர் யார்? உடம்பும் குரலும் சேர்ந்தால் பாஷை உள்ளே போய்விடும்.

பேராவூரணிப் பக்கம், புதாறு என்கிற கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். எழுதச் சொன்னால் எழுதுவான். பேசச் சொன்னால் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைத் திருகுவான். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, "நீ விவசாயி. இவள் இன்ஜினியர். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாச்சு, உன் வயலுக்குத் தண்ணி வரலை. போய்க் கேள், இங்கிலீஷில்" என்றேன்.

மேசைதான் மதகு. பொத்தானில் இருந்து கையை எடுத்தான். "சார், வாட்டர் நோ கம்." அந்தப் பிள்ளை நாற்காலியில் சாய்ந்து, "டுமாரோ" என்றாள். இரண்டடி நடந்து திரும்பி வந்தான். "சார், ஓபன் ஷட்டர்." "டுமாரோ." மூன்றாவது தடவை வந்தான். கழுத்து நரம்பு புடைக்க மேசையில் ஓங்கித் தட்டினான். "யெஸ்டர்டே யூ செட் டுமாரோ!"

ஐயா, 'சே' எப்படி 'செட்' ஆயிற்று? அந்த அட்டவணை அவன் நோட்டில் இரண்டு வருஷமாக இருந்தது. அண்ணன் அணியின் வேலை அது, மறுக்கவில்லை. நோட்டில் கிடந்த சொல்லை வாய்க்குக் கொண்டுவந்தது கோபம். நாடகம் இல்லாமல் வகுப்பறையில் ஒரு பிள்ளை எங்கே கோபப்பட முடியும்?

இன்னொன்று. தமிழில் 'நான்தான்', 'உன்னுடையதைத்தான்' என்று ஒரு 'தான்' போட்டால் அழுத்தம் வந்துவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. 'ஐ டிடின்ட் டேக் யுவர் பென்.' 'ஐ' மேல் அழுத்தினால் எடுத்தவன் வேறு ஆள். 'யுவர்' மேல் அழுத்தினால் எடுத்தது வேறு யாருடைய பேனாவோ. எந்த அட்டவணையில் எழுதுவீர்கள் இதை? அந்தப் பையன் 'யெஸ்டர்டே' மேலேயும் 'டுமாரோ' மேலேயும் அழுத்தினான். யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அது தெரியும்.

ஆண்டு விழாவில் அதையே மேடை ஏற்றினோம். மேசைக்குப் பதில் அட்டை ஷட்டர். "யெஸ்டர்டே யூ செட் டுமாரோ!" கூட்டம் எழுந்துவிட்டது. கடைசி வரிசையில் அவன் அப்பா. வயலில் இருந்து நேரே வந்தவர், கணுக்காலில் சேறு காயவில்லை. அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "டீச்சரம்மா, எம்புள்ள அம்புட்டுக் கேட்டானே, கடைசியில தண்ணி விட்டாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையன் அவர் கையைப் பிடித்தான். "விட்டுட்டாங்கப்பா. ஷட்டரைத் தூக்கிட்டாங்க."

நன்றி, வணக்கம்.