மாதத்தில் 12 நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ராமேசுவரம் போகிற ரயில் பாம்பன் பாலத்தில் போகும்போது எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்ப்போம். பாலத்தைத் தாண்டித் தீவில் கால் வைத்ததும், தெற்குக் கரையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி ஒரு சிற்றூர் இருக்கிறது. சின்னப்பாலம் என்று பேர். கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் போகிற கூட்டத்தில் அந்த ஊரை எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அந்த ஊர்ப் பெண்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மீனவர் ஊர் என்றால் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் கரையில் கருவாடு காயவைப்பார்கள், கூடையில் மீன் விற்பார்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்போம். சின்னப்பாலத்தில் பெண்களும் கடலில் முங்குகிறார்கள். கடல்பாசி எடுப்பது அவர்கள் தொழில். அம்மா போவதைப் பார்த்து மகள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்வாள். பள்ளிக்கூடம் போன நாட்களை விடக் கடலுக்குப் போன நாட்கள்தான் அதிகம் என்று சொல்லும் பெண்கள் அங்கே நிறையப் பேர்.

விடியும் முன்பே எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டு, சிலபேராகச் சேர்ந்து ஒரு படகில் ஏறுவார்கள். டீசல் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கடலுக்குள் வரிசையாகத் தீவுகள்: குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல், மனோலி, முயல்தீவு என்று போகும். தீவை ஒட்டிய பாறையிலும், பார் என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டிலும்தான் பாசி வளர்கிறது. சேலையை வரிந்து கட்டி, அதற்கு மேல் சட்டை போட்டு, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள், பாறை கிழித்துவிடும் என்பதால். சுற்றினாலும் கிழிக்கத்தான் செய்கிறது. மூச்சை அடக்கி முங்கி, கைக்கு எட்டியதைப் பறித்துப் பையில் போட்டு, மேலே வந்து மூச்சு விட்டு, மறுபடி முங்க வேண்டும். இப்படியே பல மணி நேரம். காற்று உருளை எதுவும் கிடையாது. சொறிமீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கடல் கொந்தளித்துக் கிடக்கும், இறங்குகிற நாளே குறைந்துபோகும்.

எடுப்பதில் முக்கியமானவை மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர்அகர் கிடைக்கிறது. நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் பால் ஊற்றிக் கடல்பாசி செய்வோமே, அந்தச் சரக்கு. ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமியை வளர்த்துப் பார்க்கிற தட்டிலும் அதுதான் இருக்கிறது. கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் துணிக்குச் சாயம் ஏற்றவும் மருந்து தயாரிக்கவும் போகிறது. கரையில் காயவைத்த பாசியை வியாபாரி எடைபோட்டு வாங்கிப் போவார். விலையைச் சொல்வது அவர்தான். முங்கியவளுக்கு அதில் பேச்சில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1986-இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையையும் கடற்பசுவையும் காப்பாற்ற அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அம்மாவும் பாட்டியும் முங்கிய இடத்திலேயே இந்தப் பெண்கள் ஒரு நாள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிட்டார்கள். பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டும், அல்லது எடுத்த பாசி பறிபோகும்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தங்களுக்குள் உட்கார்ந்து பேசி, தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. மீன் இனப்பெருக்கக் காலத்தில் அறவே நிறுத்துவது. இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. வேரோடு பிடுங்காமல் அடியை விட்டுவிட்டால் அதே இடத்தில் பாசி மறுபடி தழைக்கும், இது அவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. ஊர் ஊராகப் போய் மற்ற பெண்களையும் இதற்குச் சம்மதிக்க வைத்தார்கள். ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகிற வீடுகள் அவை. அங்கிருந்து வந்த முடிவு இது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு, தீவுகளைக் காப்போருக்குத் தரும் பரிசைக் கொடுத்ததும் இந்த உழைப்புக்காகத்தான்.

சரி, எடுப்பதை விட்டுவிட்டு வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் தொழில் 2000-க்குப் பிறகு இந்தக் கரையில் பரவியது. பல குடும்பங்களுக்கு வருமானமும் வந்தது. ஆனால் மிதவையிலிருந்து பிரிந்து போனது குருசடைப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடல் சூடான ஆண்டுகளில் அந்தப் பயிரே அழுகியும் போனது.

2023-இல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில், 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்ல திட்டம், வரட்டும். எந்தப் பாசியை எந்தக் கடலில் இறக்குவது என்று முடிவெடுக்கிற மேசையில் சின்னப்பாலத்துப் பெண்கள் நாலு பேருக்கு நாற்காலி போட வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்தப் பாரில் எந்த மாதம் என்ன வளரும், எப்போது நின்றுபோனது என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம், முங்குகிற பெண்களுக்குக் காதும் கண்ணும் பார்க்கும் மருத்துவ முகாம் பாம்பனிலேயே அடிக்கடி நடக்க வேண்டும். அதற்குக் கோடிகள் தேவையில்லை, இந்த மாதமே தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.