பன்னீர் பாக்கெட்டை பிஸ்கட் ரேக்கில் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்?

[காட்சி: பிஸ்கட் அடுக்கிய ரேக். நடுவே ஒரு பன்னீர் பாக்கெட் செருகப்பட்டிருக்கிறது. கேமரா கிட்டே போகிறது. பாக்கெட்டின் மேல் நீர்த்துளிகள்.]

குரல்:
வணக்கம். இந்தப் பன்னீர் பாக்கெட்டைப் பாருங்கள். மேலே முத்து முத்தாகத் தண்ணீர் பூத்திருக்கிறது. அப்படியென்றால் குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்து அதிக நேரம் ஆகவில்லை. யாரோ எடுத்துக் கூடையில் போட்டிருக்கிறார். பிஸ்கட் பக்கம் வந்தபோது வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. கைக்கு எட்டிய இடத்தில் செருகிவிட்டுப் போய்விட்டார். குளிர்பெட்டி அதே வரிசையின் கடைசியில்தான் இருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்டில் சக வாடிக்கையாளர்களால் வரும் எரிச்சல்கள் நம் எல்லோருக்கும் தெரியும். சண்டை போடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஆனால் இதையெல்லாம் செய்பவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தாங்கள் நகர்ந்த பிறகு அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை. அதை இன்றைக்குப் பார்ப்போம்.

[காட்சி: குளிர்பெட்டியின் வெப்பமானி. திரையில் எழுத்து: 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ்]

குரல்:
நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள்படி, குளிரில் வைக்க வேண்டிய உணவு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். உறைந்த உணவு என்றால் மைனஸ் 18. பால், தயிர், பன்னீர், இட்லி மாவு, ஐஸ்க்ரீம் எல்லாம் பண்ணையிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ கடை வரைக்கும் இந்தக் குளிர் விட்டுப்போகாமல் வர வேண்டும். அதற்காகத்தான் குளிரூட்டிய வண்டி, குளிர்க்கிடங்கு, இரவெல்லாம் ஓடும் கம்ப்ரஸர் எல்லாம்.

இப்போது ஒரு ஊழியர் இந்தப் பாக்கெட்டைக் கண்டெடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்த்துளி காய்ந்துவிட்டது. இது இங்கே வந்து கால் மணி நேரம் ஆகிறதா, மூன்று மணி நேரம் ஆகிறதா? அவருக்குத் தெரிய வழியே இல்லை. பாக்கெட்டைப் பார்த்தாலும் தெரியாது, மோந்து பார்த்தாலும் தெரியாது.

சில பாக்டீரியாக்கள் சாதகமான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகப் பெருகும். அந்த வேகத்தில் மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். ஏசி ஓடும் கடையில் அவ்வளவு வேகம் இருக்காது என்றாலும் பெருக்கம் நடந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் அதைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே பெருகியது பெருகியதுதான்.

அதனால் ஒழுங்கான கடை அதைக் குப்பையில் போடும். நல்ல பன்னீர், யாரும் சாப்பிடாமல் போகும். ஒழுங்கில்லாத கடை சத்தமில்லாமல் குளிர்பெட்டியில் திரும்ப வைக்கும். அடுத்து வரும் ஒருவர் அதை நல்லதென்று நம்பி வாங்கி, குழந்தைக்குச் சமைத்துக் கொடுப்பார். எனக்கு இதில் எரிச்சலைவிடக் கவலைதான் அதிகம்.

[காட்சி: ஐஸ்க்ரீம் டப்பா திறக்கப்படுகிறது. மேலே பனிப்படலம், ஓரத்தில் சுருங்கிய ஐஸ்க்ரீம்.]

குரல்:
ஐஸ்க்ரீம் விஷயத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐஸ்க்ரீமின் மென்மைக்கு இரண்டு காரணங்கள்: உள்ளே அடைபட்டிருக்கும் காற்று, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய பனிப்படிகங்கள். கொஞ்சம் உருகினால் காற்று வெளியேறிவிடும். மறுபடி உறையும்போது படிகங்கள் பெரிதாகிவிடும். வீட்டில் டப்பாவைத் திறந்ததும் ஐஸ்க்ரீம் ஓரத்தை விட்டுச் சுருங்கி, நாக்கில் நறநறவென்று பட்டால், அது எங்கேயோ ஒரு முறை உருகி உறைந்திருக்கிறது. வண்டியில் இருக்கலாம், மின்வெட்டில் இருக்கலாம், யாரோ சோப்பு ரேக்கில் விட்டுப் போனதாகவும் இருக்கலாம்.

வேண்டாம் என்று தோன்றினால் செய்ய வேண்டியது மிக எளிது. எடுத்த இடத்திலேயே வையுங்கள். முடியவில்லையென்றால் பில் போடுபவரிடம் கொடுத்து, "இது வேண்டாம்மா, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது" என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரேக்கில் ஒளித்து வைத்ததைத் தேடி எடுப்பதைவிட அவருக்கு இது எவ்வளவோ மேல்.

[காட்சி: பழைய பாணி மளிகைக்கடையின் வரைபடம். கல்லாப்பெட்டி, மூட்டைகள், தராசு, சீட்டு.]

குரல்:
நம் ஊர் மளிகைக்கடையில் இந்தப் பிரச்சினையே கிடையாது. சீட்டைக் கொடுத்தால் அண்ணாச்சியோ கடைப்பையனோ எடுத்துக் கட்டித் தருவார். பொருளைத் தொடுவது அவர்கள் மட்டும்தான். உலகம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது. வாடிக்கையாளரே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து பொருளை எடுக்கும் முறையை, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1916-இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தன் பிக்லி விக்லி கடையில் கொண்டுவந்தார். நான்கு சக்கரத் தள்ளுவண்டி வந்தது 1937-இல், ஓக்லஹோமா சிட்டியில், சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் மூலமாக. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் சிந்தாமணி, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அமுதம் போன்ற அங்காடிகள் பல குடும்பங்களுக்கு இந்த முறையைப் பழக்கின.

இந்த ஏற்பாட்டில் கடைப்பையன் பார்த்த வேலையில் பாதி நம் கைக்கு வந்துவிட்டது. எடுப்பது நாம் என்றால் திரும்ப வைப்பதும் நாம்தான். அந்த இரண்டாவது பாதி பலருக்குப் பிடிபடவே இல்லை.

[காட்சி: காய்கறிப் பகுதி. ஒரு கை வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிறது. 'டக்' என்ற சத்தம்.]

குரல்:
இங்கேதான் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஏனென்றால் இது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது. 'டக்' என்று ஒடிந்தால் பிஞ்சு, நார் நாராக வளைந்தால் முற்றல். சோதனை சரிதான், அதில் தவறில்லை. ஆனால் ஒடித்துப் பார்த்த காயைக் கூடையில் போடாமல் திரும்பக் குவியலிலேயே போடுவதுதான் பிரச்சினை. ஒடிந்த முனை வழியாக ஈரம் போகும். வெட்டு கறுக்கும். வழவழப்பு கசிந்து பக்கத்துக் காயிலும் ஒட்டும். சாயங்காலம் அந்தக் குவியலைப் பாருங்கள், முனை போன காய்களாகவே மிஞ்சியிருக்கும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஒடித்தவரே அடுத்த நாள் வந்தாலும் வாங்க மாட்டார்.

ஒடிக்காமலே பார்க்கலாம். நடுத்தர நீளம், பளிச்சென்ற பச்சை, வரிகளில் கறுப்பு இல்லாமை, தொட்டால் மெல்லிய சுணை. நுனியை லேசாக வளைத்தாலே பிஞ்சா முற்றலா என்று விரலுக்குத் தெரிந்துவிடும், உடைக்கத் தேவையில்லை.

சுரைக்காயில் நகம் பதிப்பதும் இதே கதை. நகம் இறங்கினால் இளசு என்று தெரிந்துகொள்கிறோம். அந்தக் கீறல் வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகும். ஒரே சுரைக்காயில் ஏழெட்டு நகக்குறி இருப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். காம்பு பச்சையாக இருக்கிறதா, தோலில் பூனைமுடி போல மெல்லிய முடி இருக்கிறதா, அளவுக்கேற்ற கனம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தக்காளியைக் கட்டை விரலால் அமுக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடிபட்ட தக்காளி எத்திலீன் என்ற வாயுவைக் கூடுதலாக விடும். அந்த வாயு சுற்றியிருக்கும் தக்காளிகளையும் சீக்கிரம் பழுக்க வைக்கும். ஒன்றை அமுக்கினால் பாதிப்பு ஒன்றோடு நிற்காது.

[காட்சி: தயிர் பாக்கெட்டுகள் அடுக்கிய குளிர்பெட்டி. ஒரு கை பின்வரிசையைத் துழாவுகிறது.]

குரல்:
தயிர் பாக்கெட்டில் பின்வரிசையிலிருந்து எடுப்பது பற்றிக் கேட்பீர்கள். கடைக்காரர் தேதி முந்தியதை முன்னால் வைப்பார், புதியதைப் பின்னால் வைப்பார். நாலு நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் புதியதை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது உங்கள் பணம். இன்றைக்கே மோர்க்குழம்புக்கு என்றால் முன்னால் இருப்பதையே எடுங்கள். எதுவானாலும், முன்வரிசையைக் கலைத்துக் கீழே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள்.

வழியை அடைத்து டிராலியை நிறுத்திவிட்டு எதிரெதிராக நின்று பேசுவது, பில் போடாத சாக்லேட்டைக் குழந்தைக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு உறையை மட்டும் ரேக்கில் விடுவது, இதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை.

[காட்சி: பில் கவுன்ட்டர். கன்வேயரில் ஸ்டிக்கர் இல்லாத கத்தரிக்காய்ப் பை.]

குரல்:
சரி, வரிசைக்கு வருவோம். இந்தக் கத்தரிக்காய்ப் பையில் எடை ஸ்டிக்கர் இல்லை. பாக்கெட் பொருளில் கம்பெனியே பார்கோடு அச்சடித்திருக்கும். இந்தியாவில் பதிவான எண் என்றால் 890 என்று தொடங்கும். காய்கறிக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் கடையின் எடை மெஷின் தானே ஒரு பார்கோடு போட்டுத் தருகிறது. பெரும்பாலும் அது 2 என்ற எண்ணில் தொடங்கும். கடைக்குள் மட்டும் செல்லும் எண்களுக்காக ஒதுக்கப்பட்ட வரிசை அது. அந்த 13 இலக்கத்துக்குள்ளேயே என்ன காய் என்பதும், எடை அல்லது விலையும் ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர் இல்லையென்றால் பில் போடுபவர் கையில் இருப்பது வெறும் பை. ஒருவர் ஓடிப்போய் எடை போட்டு வர வேண்டும்.

அதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது, பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள் என்றால் போனது பன்னிரண்டு நிமிடம். அந்த ஆறு பேரில் ஒருவர் கையில் தூங்கும் குழந்தை இருக்கலாம், ஒருவருக்குக் கடைசிப் பஸ் இருக்கலாம்.

பாதி பில் போட்ட பிறகு, "அய்யோ, எண்ணெயை மறந்துட்டேன், ஒரு நிமிஷம்" என்று ஓடுபவர்கள் இதைவிட அதிகம் காக்க வைக்கிறார்கள். போட்ட பொருளை வேண்டாம் என்று எடுக்கச் சொன்னால், பல கடைகளில் சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்டு போட்டால்தான் அதை நீக்க முடியும். கல்லாவில் திருட்டு நடக்காமலிருக்க வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. பில் போடுபவர் வேண்டுமென்றே தாமதிக்கவில்லை.

வரிசையில் கூடையை வைத்து இடம் பிடித்துவிட்டுப் பொருள் எடுக்கப் போவது, ஒரே குடும்பத்தில் மூன்று பேர் மூன்று வரிசையில் நின்றுவிட்டுக் கடைசியில் எல்லோரும் ஒன்றில் நுழைவது, இவற்றால் நீங்கள் மிச்சம் பிடிக்கும் நேரம் இன்னொருவரிடமிருந்து எடுத்ததுதான்.

[காட்சி: கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணின் கால்கள். பின்னால் காலியான இடம், நாற்காலி இல்லை.]

குரல்:
இந்த வரிசையின் மறுபக்கத்தில் நிற்பவரையும் பார்க்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதையே செய்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள் கால் வீக்கத்தோடும் நரம்புச் சுருட்டலோடும் வாழ்ந்த பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் நாற்காலி இல்லாத கவுன்ட்டர்களைப் பார்க்கிறேன். அது கடையின் குற்றம். ஆறு கவுன்ட்டர் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டை மட்டும் திறப்பதும் கடையின் குற்றம்தான். அந்தக் கோபத்தை அங்கே நிற்கும் பெண் மேல் காட்டாதீர்கள். எத்தனை கவுன்ட்டர் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் இல்லை.

அவர் உங்களிடம் கேட்பது மூன்றே மூன்று. போன் நம்பர், பை வேண்டுமா, பணமா கார்டா ஜிபேயா. காதில் போனை வைத்துக்கொண்டு கையால் சைகை காட்டினால் மூன்றையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். அவர் பொருளை ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போதே பையைப் பிரித்து வைத்து, பணம் கட்டும் ஆப்பைத் திறந்து வைத்துவிடுங்கள்.

கடைக்காரர்கள் யாராவது இந்த வீடியோவைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கவுன்ட்டர் பக்கத்திலும் 'வேண்டாத பொருளை இங்கே வைக்கவும்' என்று தமிழில் எழுதி ஒரு கூடை வையுங்கள். குளிர்பொருளுக்கு ஐஸ் வைத்த தனிப்பெட்டி. மணிக்கு ஒரு முறை யாராவது அதைக் காலி செய்ய வேண்டும். காய்கறிப் பகுதியில் எடை மெஷின் எங்கே இருக்கிறது என்று கண்ணில் படும்படி பலகை மாட்டுங்கள். பார்ப்பவர்கள், உங்கள் கடையில் இவை இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது மேலாளரிடம் கேளுங்கள். பெரிய கடைகளில் கருத்து எழுத நோட்டுப் புத்தகம் இருக்கும், அதிலும் எழுதிவிட்டு வாருங்கள்.

[திரையில் எழுத்து: உங்கள் கடையில் நீங்கள் பார்த்ததைக் கீழே எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம்.]