விரிசல் விட்ட மறுநாள்

வணக்கம். உலகமயமாக்கல் பற்றி எங்கே பேசக் கூப்பிட்டாலும் நான் ஒரு கட்டடத்தின் கதையைத்தான் சொல்வேன், இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

வங்கதேசத்தில், டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர். அங்கே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். கீழ்த்தளங்களில் கடைகள், ஒரு வங்கிக் கிளை. மேலே ஆயத்த ஆடை ஆலைகள். 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் தெரிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். சரி, மறுநாள் காலை? வங்கி திறக்கவில்லை, கடைகளும் திறக்கவில்லை. மேலே தைக்கிறவர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள், போகாவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டினார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள், மாதச் சம்பளம் வரவேண்டிய நேரம். போனார்கள். கரண்ட் போய், மேல்மாடி ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கட்டடம் சரிந்தது. செத்தவர்கள் 1,100 பேருக்கு மேல்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல் தொழிலாளி உள்ளே இருந்தார். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலை முதலாளியைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். ஆனால் அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு ஆடை நிறுவனக்காரர். சரக்கு தாமதமானால் விலையைக் குறைப்பார், விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பார், அப்புறம் ஆர்டரை வேறு நாட்டுக்கே கொண்டுபோய்விடுவார். அவரால் போக முடியும். மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணால் போக முடியாது. யாரால் கிளம்பிப் போக முடிகிறதோ அவர் சொல்வதுதான் நடக்கும், திரும்பத் திரும்ப நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

இடிவதற்கு முன்பே அங்கே சில ஆலைகளில் வேலை நிலைமையைச் சோதிக்கும் தணிக்கை நடந்திருக்கிறது, தாளில் எல்லாம் சரி. சங்கம் மட்டும் இல்லை. "நாங்கள் போகமாட்டோம்" என்று ஆயிரம் பேர் சேர்ந்து சொல்ல வழியில்லாமல், ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் பயந்துகொண்டு படியேறினாள். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன, பொறியாளர்கள் வந்து ஆலை ஆலையாகத் தூண்களைச் சோதித்தார்கள். இதை முன்னாலேயே செய்திருக்கலாமே!

துறைமுகத் தொழிலாளிகளைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: 1956-ல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 58 கன்டெய்னர்களோடு, அதாவது சரக்கை உள்ளே அடைத்து அப்படியே கிரேனால் தூக்கி வைக்கும் பெரிய பெட்டிகளோடு, ஒரு கப்பல் கிளம்பியது. மூட்டை மூட்டையாகக் கையால் ஏற்றி இறக்கியவர்கள் வேலையை நிறுத்தினால் கப்பல் அசையாது என்ற காலம் அதோடு மாறத் தொடங்கியது. மீதியை இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.